சோபாவின் வயிற்றுக்குள் ஒரு வடசென்னை

வீட்டில் பழைய சோபா ஒன்று இருந்தால் அதை ஒரு நிமிடம் திரும்பிப் பாருங்கள். உட்கார்ந்தால் ஒரு பக்கம் பள்ளம், கைப்பிடியில் ரெக்சின் கிழிந்து உள்ளே மஞ்சள் ஸ்பாஞ்சு எட்டிப் பார்க்கும், அதன்மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடி வைத்திருப்பார்கள். "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கலாம்" என்று ஒரு கட்சி. "அது தேக்குடா, இந்தக் காலத்துல கிடைக்காது" என்று இன்னொரு கட்சி. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்துப் பழைய வீடுகளில் இந்த விவாதம் நடக்காத பொங்கலே இல்லை எனலாம்.

இரண்டாவது கட்சி ஜெயித்தால் சோபாவைக் கூடத்தின் நடுவில் கவிழ்த்துப் போட்டுப் பிரிக்க ஆரம்பிக்க வேண்டும். ஆணி பிடுங்க ஒரு குறடு, ஒரு தட்டை ஸ்க்ரூ டிரைவர், கத்தரிக்கோல் போதும். ஆனால் பிரிக்கும்போது ஒரு வேடிக்கை நடக்கிறது. ஒவ்வொரு அடுக்காகக் கழற்றும்போது காலமும் பின்னோக்கிப் போகிறது. மேலே இருப்பது நேற்றையது. கீழே போகப்போக நூற்றாண்டுகள் பழையது. அதைவிட ஆச்சரியம், ஏறக்குறைய ஒவ்வொரு அடுக்குக்கும் வடசென்னையில் ஒரு முகவரி இருக்கிறது!

சரி, பிரிக்கலாம்.

முதல் அடுக்கு: மேல்தோல்

நம்மூரில் தோல் போலத் தெரியும் எல்லாத் துணிக்கும் 'ரெக்சின்' என்றுதான் பெயர். உண்மையில் அது இங்கிலாந்தில் மான்செஸ்டர் அருகே ஹைட் என்ற ஊரில் இருந்த ஒரு கம்பெனியின் வணிகப் பெயர். பருத்தித் துணியின்மேல் செல்லுலோஸ் நைட்ரேட் என்ற பொருளைப் பூசி, தோல் போன்ற வரிகளை அழுத்திப் பதிப்பார்கள். இந்த செல்லுலோஸ் நைட்ரேட்டின் நெருங்கிய உறவினர் யார் தெரியுமா? துப்பாக்கிகளுக்கான வெடிமருந்து! பின்னாளில் பி.வி.சி. வந்தது. தமிழ்நாட்டிலேயே மேட்டூரில் 1967-ல் பி.வி.சி. ஆலை தொடங்கியது. பொருள் மாறியது, பெயர் மட்டும் ரெக்சினாகவே நின்றுவிட்டது.

இதில் ஒரு முரண் உண்டு. நிஜத் தோலுக்குப் பஞ்சமில்லாத ஊர் சென்னை. அரைப்பதனிட்ட தோல் மூட்டை மூட்டையாக மதராஸ் துறைமுகம் வழியே இங்கிலாந்துக்குப் போனது. பெரியமேடு இன்றும் தோல் வணிகத்துக்குப் பெயர் பெற்றது. தோல் இங்கிருந்து போக, தோல்போன்ற துணி அங்கிருந்து வந்தது. நம்மூர் நடுத்தர வீட்டுக்குக் கிடைத்தது இரண்டாவதுதான்.

பிரிக்கும்போது ஒரு எச்சரிக்கை: பழைய மேல்தோலைக் கிழித்து எறிந்துவிடக் கூடாது. ஒவ்வொரு துண்டையும் முழுதாகக் கழற்றி, எங்கிருந்து எடுத்தது என்று சாக்பீஸால் எழுதி வைக்க வேண்டும். புதுத் துணி வெட்டுவதற்கு அதுதான் அளவு. தையற்காரர் பழைய ஜாக்கெட்டை 'அளவு ஜாக்கெட்' என்று கேட்டு வாங்குவாரே, அதே கதைதான்.

இரண்டாவது அடுக்கு: ஸ்பாஞ்சு

ஸ்பாஞ்சின் கதை இரண்டு தலைமுறைக் கதை. முதலில் வந்தது ரப்பர் நுரை. 1929-ல் இங்கிலாந்தின் டன்லப் நிறுவனத்தில் இ. ஏ. மர்ஃபி என்ற விஞ்ஞானி ரப்பர் பாலைக் கடைந்து நுரையாக்கி, அந்த நுரையை அப்படியே உறையவைத்தார். கேக் மாவு அடிக்கும் கருவியில்தான் முதலில் கடைந்து பார்த்தார் என்று சொல்லப்படுகிறது. 'டன்லப்பில்லோ' பிறந்தது இப்படித்தான்.

ரப்பர் பால் என்றதும் திருவொற்றியூர் ஞாபகம் வர வேண்டும். 1946-ல் கே. எம். மாமன் மாப்பிள்ளை அங்கே ஒரு சின்ன ஷெட்டில் தொழில் தொடங்கினார். என்ன செய்தார்? டயர் அல்ல, குழந்தைகள் ஊதும் பலூன்! 1952-ல் தேய்ந்த டயரின்மேல் ஒட்டும் ட்ரெட் ரப்பருக்கு மாறினார். அதுதான் எம்.ஆர்.எஃப். மர்ஃபி நுரையாக்கியதும் மாமன் மாப்பிள்ளை பலூனாக்கியதும் ஒரே ரப்பர் பாலைத்தான். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: காற்றை ரப்பருக்குள் சிறைப்பிடிப்பது.

இரண்டாம் தலைமுறை, பாலியூரித்தேன். 1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பாயரும் அவர் குழுவினரும் கண்டுபிடித்தது. 1950-களில் மெத்தைக்கேற்ற மென்மையான நுரையாக அது உலகச் சந்தைக்கு வந்தது. இன்று சோபாவுக்குள் இருப்பது பெரும்பாலும் இதுதான். இதைச் செய்ய இரண்டு திரவங்கள் வேண்டும். ஒன்று பாலியால். இன்னொன்று டி.டி.ஐ. எனப்படும் ஐசோசயனேட். இரண்டையும் சிறிது தண்ணீரோடும் வேறு சில பொருள்களோடும் கலந்தால் சில நொடிகளில் இட்லி மாவு பொங்குவதுபோலப் பொங்கி எழும்.

அந்தப் பாலியால் எங்கே தயாராகிறது? திருவொற்றியூருக்கு மேற்கே, மணலியில்! 1965-ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் நிறுவனம் உருவாகி, 1969-ல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு தொடங்கியது. கச்சா எண்ணெய் கப்பலில் வந்து சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, குழாய் வழியே மணலிக்குப் போகும். சுத்திகரிப்பில் கிடைக்கும் ப்ரோப்பிலீன் வாயு பக்கத்து ஆலைகளுக்குப் போகும். 1986-ல் உருவான மணலி பெட்ரோகெமிக்கல்ஸ் அதிலிருந்து பாலியால் செய்கிறது. அதாவது, ராயபுரத்து வீட்டு சோபாவின் ஸ்பாஞ்சு ஒரு காலத்தில் அந்த வீட்டு மொட்டைமாடியிலிருந்து தெரியும் கப்பலுக்குள் கறுப்புத் திரவமாக இருந்திருக்கக் கூடும்!

கடையில் ஸ்பாஞ்சு வாங்கும்போது "எத்தனை டென்சிட்டி?" என்று கேட்பார்கள். ஒரு கன மீட்டர் ஸ்பாஞ்சின் எடை எத்தனை கிலோ என்பதுதான் அந்த எண். உட்காரும் பகுதிக்கு 40 நல்லது. முதுகுக்கு அதைவிடக் குறைவானது போதும். 40 டென்சிட்டியிலும் சுமார் 97 சதவீதம் காற்றுதான். 22 அங்குலச் சதுரத்தில் 4 அங்குல கனமுள்ள ஒரு குஷனில் பொருள் என்று இருப்பது ஒன்றேகால் கிலோ, மீதியெல்லாம் காற்று. எண் குறையக் குறையக் காற்றுக்குத்தான் காசு கொடுக்கிறோம். இரண்டே வருடத்தில் பள்ளம் விழுவதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

மூன்றாவது அடுக்கு: நார், பஞ்சு, கோணி

ஐம்பது, அறுபது வருடத்துக்கு முந்தைய சோபாவாக இருந்தால் ஸ்பாஞ்சு இருக்கும் இடத்தில் தேங்காய் நார் இருக்கும். அதன்மேல் மெல்லிய பஞ்சு அடுக்கு. கீழே சணல் கோணி. மூன்றும் மண்ணில் விளைந்தவை, மக்கினால் மண்ணுக்கே போகிறவை.

மதராஸுக்கும் தேங்காய் நாருக்கும் உள்ள உறவு துறைமுகத்தைவிடப் பழையது. துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் கடலில் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களையும் சாமான்களையும் அலைகளைத் தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்தவை மசூலா படகுகள். அந்தப் படகில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடிக்கும்போது ஆணி அடித்த படகு உடையும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். வெள்ளைக்காரர்கள் சீமையிலிருந்து கொண்டுவந்த மேசை நாற்காலிகளும் இப்படித்தான் கரை ஏறின. வளைந்து கொடுப்பதுதான் தாங்கும் என்ற பாடத்தை அந்தப் படகு ஓட்டியவர்களிடம் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் ஒவ்வொரு மெத்தை இருக்கைக்குள்ளும் இருப்பது அதே பாடம்தான்.

பஞ்சு என்றதும் பெரம்பூர். பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம் மில் 1876-லும், கர்நாடிக் மில் 1881-லும் தொடங்கப்பட்டன. காக்கித் துணிக்குப் பெயர் போன மில்கள். 1918 ஏப்ரல் 27-ல் அந்தத் தொழிலாளர்களுக்காக உருவானதுதான் சென்னைத் தொழிலாளர் சங்கம், பி. பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்றார்கள். அவர்களின் முக்கியமான குறைகளில் ஒன்று என்ன தெரியுமா? மதிய உணவு இடைவேளை போதவில்லை என்பது. உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட நேரமில்லை! உட்காருவது ஒரு வசதி மட்டுமல்ல, ஒரு உரிமை என்ற பேச்சு வடசென்னையில் அன்றே தொடங்கிவிட்டது. அந்த மில்கள் 1996-ல் மூடப்பட்டன.

நான்காவது அடுக்கு: ஸ்பிரிங்

நாரையும் கோணியையும் எடுத்தால் சுருள் கம்பிகள் தெரியும். நடுவில் ஒடுங்கி, இரு பக்கமும் அகன்று, பார்க்க உடுக்கை போலவே இருக்கும். இதன் கதையிலும் கடல் உண்டு. லண்டனில் ராணுவ முகாம் சாமான்கள் செய்துவந்த சாமுவேல் பிராட் என்பவர் 1826-ல், கப்பல் பயணிகளுக்குக் குமட்டல் வராமல் இருக்க ஸ்பிரிங் வைத்த இருக்கை ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். 1828-ல் அதை வீட்டு மெத்தைக்கும் இருக்கைக்கும் விரித்தார். கடலில் ஆட்டத்தை அடக்க வந்த ஸ்பிரிங், வரவேற்பறையில் சுகமாக ஆடுவதற்குப் பயன்பட்டது.

(மதராஸ் துறைமுகத்தை 1904 முதல் 1919 வரை நிர்வகித்து, புயலும் மணலும் படுத்திய பாட்டிலிருந்து அதைக் காப்பாற்றிய பொறியாளரின் பெயர் சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங். வெறும் பெயர்ப் பொருத்தம்தான். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை!)

ஸ்பிரிங் இருக்கை மதராஸ் தெருவுக்கு வந்தது எப்படி? சக்கரத்தின்மேல் ஏறி. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. 1955-ல் அசோக் லேலண்ட் ஆகி லாரி, பஸ்ஸுக்கு முழுதாக மாறியது. அதே 1955-ல் என்ஃபீல்ட் இந்தியா தொடங்கப்பட்டு, திருவொற்றியூர் புல்லட் மோட்டார் சைக்கிளின் ஊரானது. பழைய புல்லட்டின் ஒற்றை சீட்டுக்கு அடியில் இரண்டு சுருள் ஸ்பிரிங் வெளியிலேயே தெரியும். சோபாவுக்குள் ஒளிந்திருப்பது அங்கே எல்லோரும் பார்க்கும்படி நின்றது. கார், பஸ், பைக் எதுவானாலும் சீட் இல்லாமல் ஓடாது. மெத்தை வேலையும் இரும்பு வேலையும் இந்தப் பகுதியில் கைகோத்து வளர்ந்தன.

கடைசி அடுக்கு: மரம்

எல்லாவற்றையும் கழற்றியபின் நிற்பது சட்டம். பழைய சோபா என்றால் அது பெரும்பாலும் தேக்கு, அதிலும் அதிர்ஷ்டம் இருந்தால் பர்மா தேக்கு. 1885-ல் மூன்றாம் ஆங்கிலோ-பர்மியப் போருக்கு உடனடிக் காரணமே தேக்குமரத் தகராறுதான். பாம்பே பர்மா கம்பெனிக்கு மாண்டலே அரசவை போட்ட அபராதத்தைச் சாக்காக வைத்து ஆங்கிலேயர்கள் ஒரு ராஜ்யத்தையே விழுங்கினார்கள். ரங்கூனிலிருந்து தேக்கு வந்த அதே கடல்வழியில்தான், 1962-ல் அங்கே ராணுவ ஆட்சி வந்தபின் தமிழர்கள் பெட்டியும் படுக்கையுமாகத் திரும்பினார்கள். வியாசர்பாடியில் குடியேறினார்கள், 1969-ல் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் எழுந்தது. தேக்குக்குப் பெரிய வீடுகளில் இடம் கிடைத்தது. மனிதர்களுக்கு நடைபாதையில் கிடைத்தது.

மெத்தை யாருக்கு?

இத்தனை அடுக்கையும் பிரித்துப் போட்டபின் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. இவ்வளவும் வந்து இறங்கிய, தயாரான ஊரில் மெத்தையில் உட்கார்ந்தவர்கள் யார்?

தமிழ் வீடுகளுக்கு சோபா தேவைப்பட்டதில்லை. திண்ணை, பாய், ஊஞ்சல், கயிற்றுக் கட்டில், இவை போதும். வெள்ளைக்காரர்களே கூட நம்மூர் வெயிலுக்கும் பூச்சிக்கும் பயந்து, பிரம்பு பின்னிய நாற்காலிகளை விரும்பினார்கள். மெத்தை இருக்கை என்பது சுகத்தைவிட அந்தஸ்தைக் காட்டத்தான் அதிகம் பயன்பட்டது.

இது நன்றாகத் தெரிந்தது ரயிலில். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ல் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. அது முதல் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ரயிலில் மனிதர்களைப் பிரித்த கோடுகளில் ஒன்று குஷன். முதல் வகுப்பில் மெத்தை, கீழ் வகுப்பில் மரப்பலகை. 1955-ல் பெரம்பூரில் ஐ.சி.எஃப். பெட்டித் தொழிற்சாலை தொடங்கியது. பெட்டிக்குள் இருக்கை, படுக்கை பொருத்தும் பிரிவு 1962-ல் வந்தது. அதற்குப் பிறகும் சாதாரண மக்கள் இரவு முழுக்கப் பலகையில் படுத்துத்தான் பயணம் செய்தார்கள்.

1977-ல் ரயில்வே அமைச்சரான மது தண்டவதே இதை மாற்றினார். இரண்டாம் வகுப்புப் படுக்கைகளில் இரண்டு அங்குல நுரை மெத்தை போடச் சொன்னார். முதல் வகுப்பைக் கீழே இறக்குவதல்ல, இரண்டாம் வகுப்பை மேலே தூக்குவதே நோக்கம் என்பது அவர் நிலை. இரண்டே அங்குலம்தான்! ஆனால் இந்தியாவில் இரண்டு அங்குலத்தில் இத்தனை கோடிப் பேருக்கு மரியாதை கொடுத்த திட்டம் வேறு இருக்குமா என்பது சந்தேகமே. நாள் முழுக்க நின்றபடியே வேலை செய்யும் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டம் திருத்தியது 2021-ல். பெரம்பூர் மில்லில் 1918-ல் தொடங்கிய பேச்சு 103 வருடம் கழித்தும் முடியவில்லை.

திரும்பப் பூட்டுவது

இப்போது சோபாவைத் திரும்பக் கட்ட வேண்டும். பிரித்த வரிசைக்கு நேர் எதிர் வரிசை. முதலில் சட்டத்தின் மூட்டுகளுக்குப் பசை வைத்து இறுக்க வேண்டும். மூட்டு ஆடினால் மேலே எதைப் போட்டாலும் வீண். பிறகு நாடாவைக் குறுக்கும் நெடுக்கும் பாய் பின்னுவதுபோல ஒன்றுவிட்டு ஒன்று கோத்து, இழுத்து அடிக்க வேண்டும். நாடா தளர்ந்தால் சோபா பள்ளம் விழும்; பலரும் ஸ்பாஞ்சைக் குறை சொல்வார்கள், குற்றவாளி நாடாவாக இருக்கும்.

ஸ்பிரிங் இருந்தால் ஒவ்வொன்றையும் பக்கத்து ஸ்பிரிங்கோடும் சட்டத்தோடும் முறுக்கு நூலால் கட்ட வேண்டும். தனித்தனியாக நின்றால் சாய்ந்துவிடும். சேர்த்துக் கட்டினால் ஒன்றின் சுமையை எல்லாம் பகிர்ந்துகொள்ளும். (சங்கம் என்பதும் அதுதானே?) அதன்மேல் கோணி, நார் அல்லது ஸ்பாஞ்சு, மெல்லிய பஞ்சு, கடைசியில் துணி. துணியை ஓரத்திலிருந்து அடிக்க ஆரம்பித்தால் கோணிப் போகும். நான்கு பக்கமும் நடுவில் ஒவ்வொரு ஆணி அடித்துவிட்டு, அங்கிருந்து மூலைகளை நோக்கிப் போக வேண்டும். மூலை மடிப்புதான் கைத்திறனின் பரீட்சை.

ஒரு எச்சரிக்கை. ஸ்பாஞ்சு தீப்பிடித்தால் வேகமாக எரியும். அதன் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும். 1979-ல் மான்செஸ்டரில் ஒரு கடையின் ஃபர்னிச்சர் பகுதியில் பற்றிய தீயில் 10 பேர் இறந்தார்கள். 1988-ல் பிரிட்டன் சோபாக்களுக்குக் கடுமையான தீப்பாதுகாப்பு விதிகளைக் கொண்டுவந்தது. எனவே பூஜை விளக்கு, கொசுவர்த்திக்கு அருகே சோபா வேண்டாம்.

ஏன் தூக்கிப் போடக் கூடாது?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எண்ணூர், எர்ணாவூர், மணலி, திருவொற்றியூர்ப் பகுதிகளில் புகுந்தது வெறும் மழைநீர் அல்ல. மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெயும் கலந்த வெள்ளம் அது. சுவரில் கறுப்புக் கோடு, பாத்திரத்தில் பிசுபிசுப்பு, மீனவர்களின் படகிலும் வலையிலும் எண்ணெய். அப்படிப்பட்ட தண்ணீரில் ஊறிய கட்டிலையும் மெத்தையையும் என்ன செய்ய முடியும்? நாரும் பஞ்சும் வெயிலில் காயும். ஸ்பாஞ்சோ எண்ணெயை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், விடாது. எண்ணெயிலிருந்து பிறந்தது எண்ணெயையே குடித்துச் செத்தது.

வீதியில் எறியப்படும் பழைய சோபாக்களின் கதி என்ன? வடசென்னைக் குப்பைக்குக் கடைசிப் புகலிடம் கொடுங்கையூர். நகரத்தின் குப்பை பல பத்தாண்டுகளாகக் கொட்டப்பட்ட இரண்டு பெரிய இடங்களில் ஒன்று அது. மணலியிலிருந்து சில கிலோமீட்டர்தான். பிறந்த இடத்துக்குப் பக்கத்திலேயே சுடுகாடு! நார் மக்கும், இந்த நுரை எளிதில் மக்காது. மணலியை 2009-லேயே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடுமையாக மாசடைந்த பகுதிகளில் ஒன்றாகப் பட்டியலிட்டது. நகரம் முழுவதும் மெத்தையில் உட்கார, அதைச் செய்யும்போது வரும் புகையும் தீர்ந்தபின் வரும் குப்பையும் ஒரே பக்கத்து மக்கள் தலையில் விழுகின்றன.

ஒரு சோபாவைப் புதுப்பிப்பதால் இது மாறிவிடாது, உண்மைதான். ஆனால் சட்டம் நன்றாக இருக்கும் சோபாவை நாடாவும் துணியும் மாற்றி இன்னும் பதினைந்து வருடம் ஓட்டினால், கொடுங்கையூருக்கு ஒரு சுமை குறையும். தெருமுனைக் குஷன் கடைக்காரருக்கு ஒரு நாள் வேலை கிடைக்கும். அவர் கையில் இருக்கும் மூலை மடிப்பு வித்தை, பார்த்துக் கற்றுக்கொள்ள வரும் பையனுக்குப் போய்ச் சேரும்.

அதனால் நண்பர்களே, அடுத்த பொங்கலுக்கு அந்த விவாதம் வரும்போது இரண்டாவது கட்சிக்கு ஓட்டுப் போடுங்கள். சோபாவைக் கவிழ்த்து, முதல் ஆணியைப் பிடுங்குங்கள். உள்ளேயிருந்து தூசியும், எப்போதோ தொலைந்த சில்லறையும் விழும். அதோடு ஒரு ஊரின் நூற்றைம்பது வருட உழைப்பும் வெளியே வரும்.